முன்பணம் இல்லாத சோலார்: கையெழுத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

கேள்வி: நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவருக்குத் தினக்கூலி. மாதம் சுமார் 120 யூனிட் மின்சாரம் செலவாகிறது. சொந்த வீடுதான், பாதி கான்கிரீட் தளம், பாதி தகரக் கூரை. ஒரு சோலார் நிறுவனத்தின் ஏஜெண்ட் வந்து, "முன்பணமே வேண்டாம், 3 கிலோவாட் போட்டுத் தருகிறோம், பில் பூஜ்யமாகிவிடும், மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் போதும்" என்கிறார். 20 வருட ஒப்பந்தம். அந்தத் தொகை ஆண்டுக்கு 2.9 சதவீதம் கூடும் என்று போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? எங்களைப் போன்றவர்களுக்கு சோலார் கட்டுப்படியாகுமா, இல்லை அது பணமுள்ளவர்களுக்கு மட்டும்தானா? என் தங்கை வாடகை வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு ஏதாவது வழி உண்டா?

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

இந்த ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். சோலார் உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் கொண்டுவந்திருக்கும் ஏற்பாடு உங்கள் தேவையைவிடப் பெரியது, அதன் ஆபத்து முழுவதும் உங்கள் பக்கம் இருக்கிறது.

முதலில் அளவு. ஒரு கிலோவாட் பேனல், நல்ல வெயில் அடிக்கும் இடத்தில், ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். மேகமூட்டம் அதிகமுள்ள இடத்தில் 3, சில இடங்களில் அதற்கும் கீழே. உங்கள் செலவு மாதம் 120 யூனிட், அதாவது ஒரு நாளைக்கு 4. ஆக, ஒரு கிலோவாட் போதும். இப்போது கிடைக்கும் 500 வாட்டுக்கு மேற்பட்ட பேனலில் இரண்டே இரண்டு. 3 கிலோவாட் போட்டால் ஒரு நாளைக்கு 12 யூனிட் வரும். நீங்கள் செலவழிப்பது போக மீதி 8 யூனிட் கம்பி வழியாக மின் நிறுவனத்துக்குப் போய்விடும். அந்த 8 யூனிட்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்று ஏஜெண்டிடம் கேட்டீர்களா?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில இடங்களில் நெட் மீட்டரிங் முறை இருக்கிறது. நீங்கள் அனுப்பும் யூனிட்டையும் வாங்கும் யூனிட்டையும் ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்வார்கள். வேறு இடங்களில் வாங்கும்போது ஒரு விலை, அனுப்பும்போது அதைவிடக் குறைந்த விலை. விதி நடுவில் மாறுவதும் உண்டு. கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு, வெளியே அனுப்பும் மின்சாரத்தின் மதிப்பு சராசரியாக முக்கால் பங்கு குறைந்துபோனது. அதனால், விற்று வரும் பணத்தை நம்பிப் பெரிய அமைப்புப் போடுவது உங்களைப் போன்ற குடும்பத்துக்கு வேண்டாத சுமை. நீங்களே பயன்படுத்தும் யூனிட்தான் உறுதியான லாபம். அங்கே உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தையல் பகல் வேலை. மதியம் 12 மணிக்கு ஒரு கிலோவாட் பேனல் 700, 800 வாட் கொடுத்துக்கொண்டிருக்கும். தையல் மெஷின் மோட்டார், விளக்கு, மின்விசிறி எல்லாம் சேர்ந்தாலும் அதில் பாதிகூட வராது. தைத்த துணிக்கு இஸ்திரி போடுவதை ராத்திரியிலிருந்து மதியத்துக்கு மாற்றினால், வீட்டிலேயே அதிகம் இழுக்கும் அந்த 1000 வாட் பெட்டியும் பெரும்பாலும் வெயிலிலேயே ஓடிவிடும்.

சரி, "பில் பூஜ்யம்" என்கிறாரே? இணைப்புக்கான நிலைக்கட்டணம் என்று பில்லில் ஒரு வரி இருந்தால், பேனல் போட்டாலும் அது வரும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல இடங்களில் குறைவாகச் செலவழிப்பவருக்கு யூனிட் விலை குறைவு, கூடக்கூட விலை ஏறும். சோலார் உங்களுக்கு மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டின் மதிப்பும் நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதம் 500 யூனிட் செலவழிக்கும் வீட்டில் கழிவது மேல்படி யூனிட், அதாவது விலை அதிகமான யூனிட். உங்கள் வீட்டில் கழிவது ஒருவேளை அரசு ஏற்கெனவே சலுகை விலையில் கொடுக்கும் யூனிட்டாக இருக்கலாம். ஒரே பேனல் பணக்கார வீட்டில் ஆறு வருடத்தில் போட்ட பணத்தை எடுத்துவிட்டு, ஏழை வீட்டில் பதினைந்து வருடம் இழுப்பது இதனால்தான். எனவே உங்கள் கடைசி பன்னிரண்டு பில்களையும் எடுத்து, யூனிட்டுக்கு என்ன விலை கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். விலை மிகக் குறைவாக இருந்தால், அரசு மானியம் பெரிதாக இல்லாத வரை நான் சோலார் போடச் சொல்ல மாட்டேன்.

பேனலுக்கு முன்னால் விசிறியைப் பாருங்கள். பழைய விசிறி ஒன்று 75 வாட் எடுக்கும். இப்போதைய பிஎல்டிசி விசிறி (மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் கொண்டது) 30 வாட்டில் அதே காற்றைத் தரும். இரண்டு விசிறி தினமும் 12 மணி நேரம் ஓடும் வீட்டில் இந்த மாற்றம் மட்டுமே மாதம் 30 யூனிட்டுக்கு மேல் குறைக்கும். 120 யூனிட் 90 ஆகிறது. அதற்கு ஒரு கிலோவாட் கூடத் தேவையில்லை, முக்கால் கிலோவாட் போதும். கடனும் அந்த அளவுக்குக் குறையும்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். அந்த 2.9 சதவீதம் பார்க்கச் சின்னதாக இருக்கிறது. முதல் வருடம் மாதம் 100 கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபதாவது வருடம் கட்ட வேண்டியது 172. பேனலோ ஆண்டுக்கு அரை சதவீதம் போல மெல்ல மெல்லத் திறன் இழக்கும். இருபதாவது வருடம் முதல் வருட உற்பத்தியில் ஏறக்குறைய 90 சதவீதம்தான் தரும். கட்டுவது ஏறுகிறது, கிடைப்பது இறங்குகிறது. "மின்கட்டணம் இதைவிட வேகமாக ஏறும், அதனால் உங்களுக்கு லாபம்தான்" என்பார் ஏஜெண்ட். ஏறலாம். அரசு சலுகை விலையை அப்படியே வைத்திருந்து ஏறாமலும் போகலாம். ஏறாவிட்டால் நஷ்டம் யாருக்கு? அவருடைய நிறுவனத்துக்கு இல்லை. ஆண்டுதோறும் ஏறும் தொகை உள்ள எந்த ஒப்பந்தத்தையும், வருமானம் ஏறி இறங்கும் ஒரு குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அப்படியென்றால் எது நியாயமான ஏற்பாடு? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்றே ஒரு சோலார் திட்டம் நடக்கிறது. அதன் விதி எனக்குப் பிடித்த ஒன்று. முன்பணம் வாங்கக் கூடாது. அதன் பிறகு குடும்பம் கட்டும் எல்லாத் தொகையும் சேர்ந்து, பேனல் தரும் மின்சாரத்தின் மதிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது. அதாவது பேனலால் மாதம் 100 மிச்சமானால், தவணை, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 50-க்குள். மீதி 50 முதல் மாதத்திலிருந்தே குடும்பத்தின் கையில். அமெரிக்காவிலேயே வேறு சில மின் கூட்டுறவு நிறுவனங்கள், சிக்கன உபகரணங்களுக்காகச் செய்யும் முதலீட்டைப் பில் வழியாகவே திரும்பப் பெறுகின்றன. அங்கே உச்ச வரம்பு மிச்சத்தில் 80 சதவீதம். அதில் இன்னொரு நல்ல அம்சம், கடன் ஆளின் பெயரில் இல்லை, மீட்டரோடு போகிறது. வீடு மாறினால் பழைய தவணை உங்களைத் துரத்தி வராது.

உங்களுக்கு எந்த வரம்பு? 80 என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மழைக்காலத்தில் உற்பத்தி பாதியாகக் குறையும் மாதங்கள் உண்டு. தவணை அப்போதும் முழுதாக வரும். கணவருக்கு வேலை இல்லாத வாரமும் அதே மாதத்தில் வந்து சேரும். 50 என்று பிடித்துக்கொள்ளுங்கள், 60-க்கு மேல் போகாதீர்கள். ஏஜெண்டின் காகிதத்தில் மாதத் தொகைக்குப் பக்கத்தில், மாதம் எத்தனை யூனிட் உறுதியாகத் தருவார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாவிட்டால் இந்தக் கணக்கையே போட முடியாது. அப்படிப்பட்ட காகிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

சோலார் பணமுள்ளவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய நாடுகளில் இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது, அதற்குக் காரணம் பேனலின் விலை இல்லை. பேனல் விலை 2010-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் சுமார் 90 சதவீதம் சரிந்துவிட்டது. இன்று மொத்தச் செலவில் பெரும்பங்கு பேனலைத் தாங்கும் சட்டகம், இன்வெர்ட்டர் (பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி), கூலி, அனுமதி, விற்பனைக் கமிஷன், அப்புறம் வட்டி. பட்டியலில் கடைசியில் நிற்கும் அந்த வட்டிதான் ஏழைக்கு முதல் எதிரி. 100 கடன் வாங்கிப் பத்து வருடத்தில் அடைத்தால், 7 சதவீத வட்டியில் மொத்தம் கட்டுவது 139. 14 சதவீதத்தில் 186. பேனலும் கூரையும் வெயிலும் ஒன்றுதான். வங்கியில் கணக்கும் சொத்துப் பத்திரமும் உள்ளவருக்கு 7 கிடைக்கிறது, உங்களுக்கு 14 சொல்கிறார்கள். "குறைந்த வட்டி" என்ற விளம்பரத்திலும் ஒரு பொறி உண்டு. வட்டியைக் குறைத்துக் காட்டிவிட்டு, அந்த வித்தியாசத்தை அசலிலேயே ஏற்றிவிடுவார்கள். அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024-ல் சோலார் கடன்களை ஆராய்ந்து, இப்படிச் சேர்க்கும் கட்டணத்தால் கடன் தொகை ரொக்க விலையைவிட 30 சதவீதமும் அதற்கு மேலும் கூடிவிடுவதாகச் சொன்னது. எனவே எந்த ஏஜெண்டிடமும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இன்றைக்கே முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" அந்த எண்ணைச் சொல்ல மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

அரசு உதவியிலும், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைப் போலவே எப்போது கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் பல ஆண்டுகள் சோலாருக்கு 30 சதவீத வருமான வரிச் சலுகை இருந்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு அதில் ஒரு பைசாவும் வராது. 2025-ன் முடிவோடு வீட்டுக்காரர்களுக்கான அந்தச் சலுகையும் நின்றுவிட்டது. ஆஸ்திரேலியாவில் சலுகையைப் பொதுவாகப் பொருத்தும் நிறுவனமே பெற்றுக்கொண்டு, விலையில் முதலிலேயே கழித்துவிடுகிறது. வாங்குபவர் மீதியைக் கொடுத்தால் போதும். அங்கே மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் சோலார் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். இந்தியாவில் 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து, 3 கிலோவாட் வரை நல்ல மானியம் கொடுக்கிறது. சிறிய அமைப்புக்குக் கிலோவாட் கணக்கில் மானியம் அதிகம் என்பதும் நல்ல அம்சம். ஆனால் பொருத்தி முடித்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையையும் யாராவது புரட்ட வேண்டும். கையில் காசில்லாத வீடு அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்காகப் பிணையில்லாக் கடனும், நிறுவனமே முதலீடு செய்து பொருத்தும் முறையும் அதே திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பகுதியில் எந்தத் திட்டம் நடந்தாலும், மானியம் முன்னால் கழியுமா, பின்னால் வருமா என்பதைக் கேட்டுக்கொண்டு, பின்னால் வரும் என்றால் இடைக்காலக் கடனின் வட்டியையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தவணையின் வேகம் வருமானத்தின் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதைக் குறைந்த வருமான நாடுகள்தான் முதலில் புரிந்துகொண்டன. வங்கதேசத்தில் 2003 முதல் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சிறிய சோலார் அமைப்புகள் போனது நுண்கடன் வழியாகத்தான். கென்யாவில் 2012-லிருந்து எம்-கோபா போன்ற சோலார் நிறுவனங்கள் கைபேசி வழியே அன்றன்றைக்குச் சின்னத் தொகையாக வாங்குகின்றன. கட்டாத நாளில் கருவி பூட்டிக்கொள்ளும் என்பது அதில் உள்ள கசப்பு. ஆனாலும் தினக்கூலி வாங்கும் வீட்டுக்கு மாத முடிவில் மொத்தமாக ஒரு தொகையைச் சேர்த்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ வாரத் தவணை ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே நிறுவனத்திடம் விலை கேட்டால் இன்னும் நல்லது. ஆள் பிடிக்கும் செலவும் போக்குவரத்துச் செலவும் நிறுவனத்துக்கு மிச்சம், அதைத் தள்ளுபடியாகக் கேட்கலாம். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் 2009-ல் ஒரு குடியிருப்பின் மக்கள் இப்படிச் சேர்ந்து வாங்கியதைப் பார்த்துத்தான் அமெரிக்கா முழுக்க அந்த முறை பரவியது.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர்கள் இதைப் பேசுவதில்லை. கான்கிரீட் தளத்தில் போடுங்கள், தகரத்தில் வேண்டாம். ஒரு பேனல் 28 கிலோ அளவில் இருக்கும். எடையைவிடக் காற்று பெரிய பிரச்சினை. புயல்காற்று அடியில் புகுந்து பேனலைத் தூக்கும்போது அந்த இழுப்பு முழுவதும் தகரத்தைத் துளைத்துப் போட்ட போல்ட்டில்தான் விழும். போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வாஷர் நாலைந்து வெயில்காலத்தில் வெடித்து, அந்த ஓட்டை வழியே மழைநீர் தையல் மெஷின்மேல் சொட்டும். தகரத்தில்தான் இடம் என்றால், அடியில் உள்ள சட்டத்தோடு சேர்த்து மாட்டச் சொல்லுங்கள், ஒழுகினால் யார் சரிசெய்வது என்று எழுதி வாங்குங்கள். பத்து வருடத்துக்குள் மாற்ற வேண்டிய கூரை என்றால் முதலில் கூரை, பிறகு பேனல். கழற்றி மறுபடி மாட்டுவதற்கு ஆகும் கூலி பல வருட மிச்சத்தைத் தின்றுவிடும்.

நிழலையும் பாருங்கள். காலை 9 மணிக்கும் மதியத்துக்கும் மாலை 3 மணிக்கும் தளத்தில் ஏறி நின்று, தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்துச் சுவரின் நிழலும் எங்கே விழுகின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேனலில் ஒரு ஓரத்தில் மட்டும் நிழல் விழுந்தாலும், அந்த வரிசை செல்கள் முழுவதும் சேர்ந்து படுத்துவிடும். கையகல நிழலுக்கு மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போவது சாதாரணம்.

மின்வெட்டு வந்தால்? மின் நிறுவனத்தின் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, மின்வெட்டில் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் தையல் மெஷின் ஓடாது. கம்பியில் வேலை செய்யும் தொழிலாளிக்கு ஷாக் அடிக்காமல் இருக்க வைத்திருக்கும் பாதுகாப்பு அது. மின்வெட்டிலும் வேண்டும் என்றால் பேட்டரி வேண்டும், செலவு கணிசமாக ஏறும். உங்கள் ஊரில் வெட்டு அபூர்வம் என்றால் பேட்டரி இல்லாமலே போங்கள். இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை, பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் இருக்கும், இன்வெர்ட்டர் 10 முதல் 15 வருடத்தில் மாற்ற வேண்டி வரும். அந்த மாற்றுச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

உங்கள் தங்கைக்கு: வாடகைக் கூரையில் சொந்தச் செலவில் எதையும் நிரந்தரமாகப் பொருத்த வேண்டாம். பொதுச் சோலார் என்று ஒரு முறை சில இடங்களில் இருக்கிறது. வேறெங்கோ உள்ள பெரிய சோலார் அமைப்பில் ஒரு பங்கு எடுத்தால், அதன் யூனிட் அவளுடைய பில்லில் கழியும். வீடு மாறினாலும் அதே மின் நிறுவனத்தின் பகுதிக்குள் இருந்தால் பங்கு பொதுவாகக் கூடவே வரும். ஜெர்மனியில் பால்கனிக் கம்பியில் மாட்டி, சுவர் பிளக்கில் செருகும் சின்னப் பேனல்களை வாடகைதாரர்கள் லட்சக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். 2024 முதல் 800 வாட் வரை அனுமதி, வீட்டுக்காரர் காரணமில்லாமல் தடுக்கவும் முடியாது. அவள் இருக்கும் இடத்தில் சட்டம் அனுமதிக்காமல் இப்படிப் பிளக்கில் செருகக் கூடாது, அது ஆபத்து. இரண்டும் இல்லையென்றால் இப்போதைக்கு விசிறியை மாற்றச் சொல்லுங்கள். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போய்விடலாம்.

ஏஜெண்டிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஒரு கிலோவாட்டுக்கு ரொக்க விலை, ஆண்டுக்கு உறுதி தரும் யூனிட், ஏறாத தவணையில் மாதத் தொகை, வீட்டை விற்றாலோ நடுவில் விலகினாலோ கட்ட வேண்டியது. கூடவே உங்கள் பன்னிரண்டு பில்களின் நகலும் தளத்தில் நிழல் விழும் இடத்தின் படமும் அனுப்பினால், அந்த எண்களை வைத்து உங்கள் வீட்டுக்கான கணக்கை நானே போட்டு அனுப்புகிறேன். அதுவரை "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்தச் சலுகை" என்று அவர் அவசரப்படுத்தினால், அந்தச் சலுகை போனால் போகட்டும்.